அம்மாவின் படத்துக்கு ஓர் ஆணி

எங்கள் வீட்டில் ஆணி தாங்கும் சுவர் ஒன்றுதான். மற்றச் சுவர்களில் ஆணி அடித்தால் ஆணியோடு ஒரு பிடி மணலும் உதிர்ந்து வரும். கட்டும்போது சீமெந்து போதாமல் மேசன் மணலைக் கூட்டிவிட்டார் என்று அப்பா சொல்வார். முன் அறையின் தெற்குச் சுவரை மட்டும் நல்ல கலவையில் எழுப்பி, பூசி, நீலம் அடித்தார்கள். வாசலால் உள்ளே வருகிறவர் முதலில் பார்க்கும் சுவர் அது. எங்கள் வீட்டில் படங்கள் எல்லாம் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன.

குருக்கள்மடத்தில் பெரிய வீதியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கி வந்தால், தண்ணீருக்கு முந்திய கடைசி வளவு எங்களுடையது. ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்று அம்மாவின் அக்காவுடையது, மற்றது எங்களுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நான் ஒரே பிள்ளை என்பதால், ஓலைக் குடிசையாக இருந்த காலத்திலேயே அது என் வீடு என்று பேசப்பட்டது. அதைக் கல்வீடாக்கத்தான் அம்மா குவைத்துக்குப் போனா. அப்போது நான் ஏழாம் வகுப்பு.

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவ. அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போனது மூன்று வருடம், அதிலும் இறால் காலத்தில் போகமாட்டாராம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, அதற்கு அப்பாலும் போன முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்தச் சுவருக்கும் இல்லை. நடுவில் பெரிதாகத் தொங்குவது என் பட்டமளிப்புப் படம்தான்.

கறுப்பு அங்கியும் கழுத்தில் பட்டியுமாக நான் நிற்கிறேன். பின்னால் தரையிலிருந்து கூரை வரை புத்தக அலுமாரி. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிய அன்று அப்பா நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுல எத்தின புத்தகம் படிச்சு முடிச்சாய் மகள்?"

"அது புத்தகம் இல்லப்பா. சீலையில கீறின படம். ஸ்டூடியோவில பின்னால தொங்க விட்டிருப்பாங்க."

"அப்ப ஒண்டும் படிக்கல்ல."

அப்பாவின் பகிடிகள் அப்படித்தான், முகம் மாறாது.

அதற்கு இடப்பக்கம், நான் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியச் சடங்குப் படம். இரவல் நகைகளின் பாரத்தில் தலை குனிந்திருக்கிறேன். பக்கத்தில் குத்துவிளக்கோடு பெரியம்மா. வலப்பக்கம், பள்ளிக்கூடப் பரிசளிப்பில் எடுத்தது. என் கையில் கேடயம், தோளைப் பிடித்தபடி பெரியம்மா. கீழே, பல்கலைக்கழக வாசலில் அப்பா, நான், பெரியம்மா. முதல் தடவை வருகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவிடம், "மகள் உங்களப் போலவேதான்" என்பார்கள். பெரியம்மா முதலில் திருத்துவா. பிறகு பிறகு, சும்மா சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவா.

அம்மா எந்தப் படத்திலும் இல்லை. அம்மா அப்பாவின் கலியாணம் ஓர் இடப்பெயர்வுக்கு நடுவில் ஒரு கோயில் மடத்தில் நடந்தது, படம் பிடிக்க யாரும் இருக்கவில்லை. இந்தச் சுவர் எழும்புவதற்கு முதல் லீவில் இரண்டு தரம் வந்து போனா. அந்த நாட்களில் எடுத்த படங்கள் எல்லாம் அப்பாவின் போனில் இருந்தன. அந்தப் போன் வாவிக்குள் இருக்கிறது. வலை இழுக்கும்போது சட்டைப் பையிலிருந்து வழுகி விழுந்தது. "அங்கயும் ஆராவது பாக்கட்டும்" என்றார் அப்பா. ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை. குவைத்திலிருந்து வீடியோவில் வரும்போது அம்மா இருப்பது ஒரு சாமான் அறை. முகத்தில் பாதி இருட்டு, மீதி அசைந்துகொண்டே இருக்கும். அதைப் படமாக்கினால் யாரென்று எனக்கே தெரியாது.

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, இனிப் போவதில்லை என்று அம்மா திரும்பி வர இருந்த கிழமையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அம்மா வாசலால் உள்ளே வருவா. தான் உழைத்துக் கட்டிய வீட்டின் ஒரே நல்ல சுவரைப் பார்ப்பா. அதில் எல்லாரும் இருப்போம், தான் மட்டும் இல்லை என்பதையும் பார்ப்பா. அப்படி நடக்கக் கூடாது என்று நினைத்தேன். என் படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக அம்மாவின் படம் என் பக்கத்தில் தொங்க வேண்டும்.

தகரப் பெட்டிக்குள் அம்மாவின் கடவுச்சீட்டுக்கு எடுத்த படம் ஒன்று மிச்சம் இருந்தது. நகத்தளவு முகம். நீலச் சேலை. செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

ஸ்டூடியோவில் வயதான ஒருவர் இருந்தார். படத்தை வாங்கி விளக்கின் கீழே வைத்துப் பார்த்தார்.

"ஆரு தங்கச்சி?"

"அம்மா."

அவர் எழுந்து, தான் இருந்த கதிரையை எனக்குத் தந்தார். எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டார். என் பட்டமளிப்புப் படத்தின் அளவைச் சொன்னேன். அது பட்டமளிப்புப் படம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"எப்பத்துக்குத் தேவை?"

"வெள்ளிக்கிழமைக்கு முதல்."

"இருங்க. இண்டைக்கே செஞ்சு தாறன்." எனக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார், அவர்கள் தலையசைத்தார்கள். "பின்னுக்கு வடிவா வானம் வச்சு விடுறன்."

பட்டதாரி என்றால் டவுனில் ஒரு மரியாதைதான் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

படம் வந்தது. அம்மாவின் முகம் என் முகத்தை விடப் பெரிதாக இருந்தது. பின்னால் இளநீல வானம், தோளைச் சுற்றிப் பஞ்சு போல வெள்ளை மேகம். கறுப்புப் பிரேம். எனக்குக் கண் கலங்கியது. பன்னிரண்டு வருடமாக ஒரு சாமான் அறைக்குள் இருந்தவவுக்கு இவ்வளவு வெளிச்சமான ஓர் இடம்.

திரும்பி வரும்போது நாவற்குடாவில் மழை பிடித்தது. யன்னலால் அடித்த சாரலில் சுற்றியிருந்த பத்திரிகைத் தாள் நனைந்து கிழிந்தது. படத்தை மடியில் நிமிர்த்தி வைத்துப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், முன்னால் போய் சாரதியிடம் குனிந்து ஏதோ சொன்னார். பாட்டு நின்றது. பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து, "அழாத மகள்" என்றா. முகத்தில் மழைத் துளிதான் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் அவ கையை எடுக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

இவ்வளவு நடந்தும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் ஓர் ஆளின் முகத்தைத் தனியாக, இப்படிப் பெரிதாக்கி, பின்னால் வானமும் வைத்துப் படம் போடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். செத்து முப்பத்தோராம் நாள் சடங்குக்கு முன்னால் வைப்பதற்கு. உயிரோடு இருப்பவர்கள் கூட்டமாக நிற்பார்கள், அல்லது கையில் கேடயத்தோடு, விளக்கோடு, அங்கியோடு நிற்பார்கள். நான் பிறந்து வளர்ந்த ஊரில் எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் இது தெரியும். நானும் நூறு தரம் பார்த்தவள்தான். ஆனால் அன்று என் மடியில் இருந்தது அம்மா. அவ வரப்போகிறா என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் என் தலைக்குள் இருக்கவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. அப்பா தோணியில் வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் வலை போடப் போயிருந்தார், காலையில்தான் வருவார். பெரியம்மா தேற்றாத்தீவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தா. நான் பிளாஸ்டிக் கதிரையில் ஏறி, என் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, அம்மாவை மாட்டினேன். சாமிப் படங்களுக்குக் கீழே எந்நேரமும் எரியும் சின்னச் சிவப்பு பல்பின் வெளிச்சம் அம்மாவின் முகத்திலும் விழுந்தது. அதுவும் எனக்கு நல்லதாகத்தான் பட்டது.

புதன்கிழமை காலையில் நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பின்பக்கமாக வந்து வீட்டுக்குள் போனார். கூடை விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நிலமெல்லாம் இறால், சில இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. அப்பா அவற்றுக்கு நடுவில் நிலத்தில் இருந்தார். படத்தை அவர் பார்க்கவில்லை. என் கையில் இருந்த போனைப் பார்த்தார்.

"எப்ப சொன்னவங்க?"

"என்னத்தப்பா?"

"போனத் திற. என்ன வந்திருக்கு எண்டு வாசி."

"ஒண்டும் வரல்லப்பா."

"நீ மறைப்பாய். முந்தியும் மறைச்ச நீதானே."

அது உண்மை. ஏஜென்சி அனுப்புவதும், குவைத்திலிருந்து வருவதும், எல்லாம் என் போனுக்குத்தான் வரும். வாசிக்கத் தெரிந்தவள் நான். மூன்று வருடத்துக்கு முதல் அம்மாவுக்கு அங்கே ஓர் ஒப்பரேசன் நடந்தது. அந்தச் செய்தியை நான் வாசித்தேன், அம்மா எழும்பி நடக்கும் வரைக்கும், இரண்டு கிழமை, அப்பாவுக்குச் சொல்லவில்லை. அவர் தாங்கமாட்டார் என்று நானே தீர்மானித்தேன். படித்தவள் அல்லவா. இப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில், அந்த இரண்டு கிழமையும் இருந்தது.

"அப்பா, நான் நேத்து டவுனுக்குப் போய்ச் செஞ்சது. அம்மா வந்து பாக்கட்டும் எண்டுதான். வேற ஒண்டும் இல்ல."

அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் வேலிக் கடப்பு வாசலில் ஆட்கள் சத்தம் கேட்டது. முன்னால் வந்தவ சந்தியில் கடை வைத்திருக்கும் மாமி. நான் படத்தோடு பஸ்ஸால் இறங்கி நடந்ததை அவ பார்த்திருக்கிறா. கையில் ஒரு பை சீனியும் தேயிலையும். பின்னால் மூன்று பெண்கள். செத்த வீட்டுக்கு வருகிற நடை. அவர்களுக்குப் பின்னால், தேற்றாத்தீவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய பெரியம்மா, ஒன்றும் விளங்காமல் ஓடி வந்தா.

மாமி என்னைக் கட்டிப்பிடித்தா. "பொட்டி எப்ப வருகுதாம் புள்ள?"

எங்கள் பக்கத்தில் அதற்கு விளக்கம் தேவையில்லை. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போனவர்களில் சிலர் பெட்டிக்குள் வந்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் நான் திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன்.

"பொட்டி ஒண்டும் வராது மாமி. அம்மாதான் வாறா. வெள்ளிக்கிழமை."

மாமி படத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"அப்ப ஏன் புள்ள அவள வானத்தில வச்சிருக்காய்?"

பின்னால் நின்ற ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. எனக்கும் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அப்பா நிலத்தில் இருந்தபடியே கேட்டார்.

"கடைசியா எப்ப பேசினாள்?"

ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. சாமான் கட்டுகிற அவசரம் என்று நான் நினைத்திருந்தேன். அந்த இடத்திலேயே அழைத்துப் பார்த்தேன். அம்மாவின் போன் அடைத்திருந்தது.

சிரித்தவ சிரிப்பை விழுங்கினா.

"கழட்டு" என்றார் அப்பா. தானாகப் போய்க் கழற்றவில்லை. அவரால் அதைத் தொட முடியவில்லை. நான்தான் கதிரையில் ஏறி எடுத்தேன். எங்கே வைப்பதென்று தெரியாமல் அலுமாரிக்குப் பின்னால், முகம் சுவர்ப் பக்கம் இருக்க வைத்தேன். பெரியம்மா மஞ்சள் கரைத்து வந்து அந்த இடத்தில் தெளித்தா. நீலச் சுவரில் ஆணியைச் சுற்றி மஞ்சள் படிந்து ஒழுகியது. மாமி கொண்டு வந்த சீனியை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றா. திருப்பிக் கொண்டு போவதும் சரியில்லை, வைத்துவிட்டுப் போவதும் சரியில்லை.

"வச்சிட்டுப் போ" என்றா பெரியம்மா. "அவள் வந்தா தேத்தண்ணிக்கு ஆகும்."

அந்த "வந்தா" என்ற சொல்லை அதற்கு முன்னால் நாங்கள் ஒரு தரமும் சொன்னதில்லை. "வந்த பிறகு" என்றுதான் சொல்வோம்.

அன்றும் மறுநாளும் அப்பா வாவிக்குப் போகவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்தில், காய்ச்சல் இல்லாமல் அவர் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. கடப்படியில் கதிரையைப் போட்டு வீதியைப் பார்த்தபடி இருந்தார். ஏஜென்சிக்கு நான் எத்தனை தரம் அழைத்தேன் என்று எனக்குத் தெரியாது. டிக்கெட் சரி, ஆளின் போன் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான் தங்களுக்குத் தெரியும் என்றார்கள். அதையும் அப்பாவுக்கு அப்படியே சொன்னேன். சொல்லுக்குச் சொல். இனி எதையும் என் பக்கத்தில் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அவர் "ம்" என்றார்.

படம் ஒருவரைக் கொல்லாது என்று எனக்குத் தெரியும். படித்தவள், எனக்குத் தெரியாதா. ஆனாலும் முன் அறையால் போகும்போதெல்லாம் அலுமாரிப் பக்கம் பார்க்காமல் போனேன்.

வியாழக்கிழமை பின்னேரம் தெரியாத ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மகள், நான் ஏறப் போறன். இது பக்கத்தில இருக்கிற புள்ளட போன். என்ட போன் திங்கக்கிழமை விழுந்து உடைஞ்சு போச்சு."

போனை அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கடப்பில் இருந்த மனிதர், போனைக் காதில் வைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சாப்பிட்டியா?"

வெள்ளிக்கிழமை மதியத்துக்குக் கொஞ்சம் முந்தி விமான நிலையத்திலிருந்து வாடகை வான் வந்து நின்றது. அம்மா இறங்கினா. நான் நினைத்ததை விடக் குள்ளமாக இருந்தா, அல்லது நான் வளர்ந்திருந்தேன். அப்பா பெட்டியைத் தூக்கினார். பெட்டி என்றால் சாமான் பெட்டி. அதைத் தூக்கும்போது அவர் கண் என் கண்ணைப் பார்த்தது, ஒரு கணம் உதடு அசைந்தது. மாமியின் சீனியில் பெரியம்மா தேத்தண்ணீர் ஊற்றினா.

அம்மா குடிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் போய் நின்றா. நான் எதிர்பார்த்த மாதிரியே, ஒவ்வொரு படமாகப் பார்த்தா. பரிசளிப்பு, பட்டமளிப்பு.

"இது புத்தகமா?"

"சீலை" என்றார் அப்பா, தனக்குத் தெரிந்திருப்பதில் ஒரு பெருமையோடு.

பிறகு சாமத்தியப் படம். அங்கே அம்மா நின்றுவிட்டா. பெரியம்மா அடுப்படி வாசலில் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றா. தான் நிற்க வேண்டிய இடத்தில் அக்கா நிற்பதைத் தங்கச்சி பார்க்கிறாள் என்று பெரியம்மா பயந்துகொண்டிருந்தா என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

"அக்கா" என்றா அம்மா, திரும்பாமல். "எல்லாத்திலயும் என்ட சேலையத்தான் உடுத்திருக்காய்."

நான் பார்த்தேன். மூன்று படத்திலும் பெரியம்மா உடுத்தியிருந்தது ஒரே அரக்குச் சேலை. ஒவ்வொரு நாளும் கடந்து போன சுவர். நான் கவனித்ததே இல்லை. பெரியம்மாவிடம் நல்ல சேலை அது ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"நீ விட்டுட்டுப் போன சேல" என்றா பெரியம்மா. "அதாவது நிக்கட்டும் எண்டுதான்."

அம்மா கோப்பையை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனா. இருவரும் அங்கே கொஞ்ச நேரம் இருந்தார்கள். அப்பாவும் நானும் முன் அறையில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். திரும்பி வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. ஆனால் கேட்ட கேள்வி சாதாரணமாக இருந்தது.

"இந்த ஆணி ஆருக்கு? ஏன் மஞ்சள் ஊத்தியிருக்கு?"

அப்பா வெளியே வாவியைப் பார்த்தார். பெரியம்மா மேலே முகட்டைப் பார்த்தா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூடியோ, பஸ், இறால், மாமியின் சீனி. அந்தச் சீனி அவவுடைய தேத்தண்ணீருக்குள் இருந்தது என்பதையும் சொன்னேன். அம்மா வாயைத் திறந்து சிரித்தா. வீடியோவில் ஒரு நாளும் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை, சாமான் அறையில் சத்தம் போட முடியாதே.

"கொண்டு வா, செத்தவளப் பாப்பம்."

"வேணாம் புள்ள" என்றா பெரியம்மா.

அம்மா படத்தை மடியில் வைத்து, கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தா. சிரிப்பு மெல்ல நின்றது. அந்த முகத்துக்கு அப்போது முப்பத்து நாலு வயது. நெடுநேரம் பார்த்துவிட்டு, வேறு யாரையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னா.

"இவள் அண்டைக்குக் காலையிலயிருந்து ஒண்டும் திங்கல்ல. சேல அக்காட. காது தெரியணும் எண்டு படம் எடுத்தவன் மயிரை ஒதுக்கச் சொன்னான். சிரிக்கப்படாது எண்டும் சொன்னான். அத அவன் சொல்லத் தேவையில்ல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் தேடிப் பிடித்துப் பெரிதாக்கியது அம்மாவின் முகத்தை அல்ல. எங்களை விட்டுப் போவதற்காக அவ எடுத்துக்கொண்ட படத்தை.

"இது வேணாம் மகள். இந்த முகத்த நான் தினம் பாக்க ஏலாது."

"அப்ப ஆணி?"

அம்மா எழுந்து போய்ச் சாமான் பெட்டியைத் திறந்தா. எல்லாத் துணிக்கும் அடியில், இரண்டு அட்டைக்கு நடுவில் கட்டிய ஒரு பொதி இருந்தது. அவிழ்த்தா. உள்ளே எல்லாம் நாங்கள். வருடா வருடம் நான் தபாலிலும், ஊருக்கு வந்து போகிறவர்களிடமும் அனுப்பிய சின்னச் சின்னப் படங்கள். மூலைகளில் பழுப்பேறிய டேப் அடையாளம்.

"சுவரில ஒட்ட வீட்டுக்கார மெடம் விடல்ல. ஊத்தையாகுமாம். நான் அலுமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினன். கதவத் திறந்தா வீட்டுக்க வந்த மாதிரி."

எப்படி ஒட்டியிருந்தாவோ அதே ஒழுங்கில் நிலத்தில் பரப்பினா. ஒரு கதவின் அளவு. மேலே கண் உயரத்தில் என் பள்ளிக்கூடப் படங்கள். நடுவில் பெரியம்மா. அடியில், மூலையில், தோணியில் நிற்கும் அப்பா.

"என்ன மட்டும் ஏன் கீழ போட்டிருக்காய்?" என்றார் அப்பா.

"காலையில சப்பாத்துப் போடக் குனியக்குள்ள பாக்கத்தான். முதல் பாக்குறது உங்களத்தான்."

அப்பா குனிந்து, அந்தப் படத்தின் மூலையை விரலால் நீவி விட்டார். பரிசளிப்புப் படத்தில் என் கன்னம் இருந்த இடம் வெளிறி, தாள் தெரிந்தது. ஈரம் பட்டதா என்று கேட்க வாய் திறந்தேன். அம்மாவின் விரல் தன்பாட்டுக்கு அந்த இடத்துக்குப் போய் நின்றது. கேட்காமல் விட்டேன்.

சோற்றைப் பிசைந்து பசை செய்தா. பெரிய படத்தைப் பிரேமிலிருந்து கழற்றி, முகத்தைக் கீழே திருப்பி, அதன் பின்பக்கத்தில் எங்களை ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினா.

"அம்மா, படம் பழுதாப் போகும்."

"பின்பக்கம் சும்மாதானே கிடக்கு. நல்ல தடிப்பான தாள்."

கதவின் அளவை ஒரு பிரேமுக்குள் அடக்க முடியாதுதான். ஒன்றின் மேல் ஒன்று ஏறின. அப்பாவின் தோணியின் பாதி என் கேடயத்துக்குக் கீழே போனது. எங்கள் வீட்டில் ஒழுங்காகத் தொங்கும் படங்களுக்குப் பக்கத்தில் அது சந்தை போல இருந்தது. அம்மாவே கதிரையில் ஏறி, அந்த ஆணியில் மாட்டினா. மஞ்சள் கறையை மறைத்துக்கொண்டு கொஞ்சம் சரிந்து தொங்கியது. அப்பா சரிவு என்றார். அம்மா, சரியாகத்தான் இருக்கு என்றா. இப்போதும் சரிந்துதான் இருக்கிறது.

"இதிலயும் நீங்க இல்லையே அம்மா" என்றேன்.

"அடியில கிடக்கன்தானே" என்றா.

அதற்குப் பிறகு எனக்கு வேலை கிடைத்தது. இப்போது ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றக் குனியும்போது நான் இப்போதெல்லாம் அந்தச் சுவரின் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் பட்டமளிப்புப் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, அம்மாவின் படத்துக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். கிட்டப் போய், குனிந்து, நிமிர்ந்து, ஒவ்வொன்றாகத் தேடுகிறார்கள். அதில் எனக்கு முதலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. இப்போது இல்லை.

வாவிக் கரை வீடுகளில் படத்துக்கு எதிரி ஈரம்தான். மாரி தொடங்கினால் சுவர் வேர்க்கும், தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போகும். போன மார்கழியில் மழை இரண்டு நாள் விட்டபோது அம்மா எல்லாப் பிரேம்களையும் இறக்கிக் கழற்றி, மாமரத்தடியில் பாய் விரித்து நிழலில் காய வைத்தா. வெயிலில் வைத்தால் நிறம் போய்விடும். எங்களை ஒட்டிய பக்கம் காய்ந்ததும், மற்றப் பக்கமும் காயட்டும் என்று பெரிய படத்தைத் திருப்பிப் போட்டா. பாயின் நடுவில் அம்மாவின் முகம், வானமும் மேகமுமாக மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது. மூலை சுருளாமல் இருக்க நாலு பக்கமும் கல் வைத்திருந்தா. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

அந்த நேரம் கடப்பில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. காத்தான்குடியிலிருந்து ஊர் ஊராகப் புடவை கொண்டு வருகிற முஸ்லிம் வியாபாரி, நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பெரியம்மாவுக்கு வருடக்கணக்காகச் சேலை விற்றவர், ஆனால் அம்மா வந்த பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தவர் பாயைப் பார்த்ததும் நின்றார். தொப்பியைச் சரி செய்தார். குரல் செத்த வீட்டுக் குரலாக இறங்கிவிட்டது.

"எங்களுக்குத் தெரியாமப் பெயித்தே தங்கச்சி. ஆரு மவுத்தானது?"

அம்மா குனிந்து ஒரு கல்லைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தா. நிமிர்ந்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தா.

"நான்தான் நானா" என்றா. "இருங்க, தேத்தண்ணி ஊத்திட்டு வாறன்."